மருந்து தவறாமல் போகிறது, தம்பியின் நடத்தை மாறவில்லை: பேச்சுச் சிகிச்சை உதவுமா?

கோப்பாய்ப் பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு 31 வயது. மனச்சிதைவு நோய் என்று சொல்லிப் பல வருடமாக மருந்து நடக்கிறது. மாதாமாதம் கிளினிக்கில் ஊசி, இரவில் குளிசை. தனியே நின்று சிரிப்பதும் இரவிரவாக நடப்பதும் எவ்வளவோ குறைந்துவிட்டது. ஆனால் அம்மா சமைத்ததைத் தொடமாட்டான். பக்கத்து வளவுக்காரர் வேலியடிக்கு வந்தால் போதும், வாயில் வந்தபடி ஏசுவான். ஒருநாள் கல்லும் எறிந்தான். போன கிழமை அம்மாவைத் தள்ளிவிட்டதில் அவவுக்குக் கை வீங்கிவிட்டது. மற்ற நேரமெல்லாம் அறைக்கதவு பூட்டு. குளிப்பு முழுக்கு இல்லை.

அறிகை நடத்தைச் சிகிச்சை (CBT) என்று ஒரு பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று ஒரு டொக்டர் சொன்னார். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான் அதைச் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று நம்புகிறவனோடு கதைத்து எதை மாற்றலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாவடி ஐயா:
பிள்ளை, மருந்தை மட்டும் விட்டுவிடாதையுங்கோ. அதோடு தொண்டைமானாறு சந்நிதி முருகன் கோயிலடியில் கொஞ்ச நாள் கொண்டுபோய் வைத்திருந்து பாருங்கள். அங்கே யாரும் யாரையும் விசர் என்று விலத்துவதில்லை. மடத்தில் எல்லோரோடும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவான். எங்கள் சொந்தத்தில் ஒரு பெடியன் அப்படித்தான் ஆட்களோடு சேரப் பழகினவன்.

வடமராட்சி அக்கா:
பருத்தித்துறைப் பக்கம் பல காலம் உளசமூகப் பணி செய்தவள் நான். டொக்டர் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி, கதைத்துக் கதைத்து நம்பிக்கையை உடைப்பது இந்தச் சிகிச்சையின் வேலை இல்லை. "அப்படி ஒன்றும் இல்லை, எல்லாம் உன் மனப்பிரமை" என்று வாதாடினால் அவர் இன்னும் இறுகிப்போவார், சொல்கிற ஆளையும் எதிரிப் பக்கம் சேர்த்துவிடுவார். இவர்கள் நடத்தையில் இருந்துதான் தொடங்குவார்கள். சாப்பாட்டைத் தள்ளுவது, கல்லெறிவது, கதவைப் பூட்டுவது என்று நீங்கள் எழுதியவை உங்களுக்குத் தொல்லை. தம்பிக்கு அவைதான் காவல். ஒருவர் உண்மையிலேயே நஞ்சு வைக்கிறார் என்று நம்பினால் நானும் நீங்களும்கூட அந்தச் சாப்பாட்டைத் தொடமாட்டோம்.

ஆகவே ஒவ்வொரு நடத்தைக்கும் மூன்று விடயம் பார்க்கவேண்டும். அதற்குச் சற்று முன்னர் என்ன நடந்தது, அந்த நேரம் அவர் மனதில் என்ன ஓடியது, செய்து முடித்த பிறகு அவருக்கு என்ன கிடைத்தது. பயம் தணிந்ததா? ஆட்கள் விலகிப் போனார்களா? குரல் அடங்கியதா? நோய் ஒன்றுதான், ஆனால் ஒரே மாதிரி அடிக்கும் இரண்டு பேருக்கு இந்த மூன்றும் வேறு வேறாக இருக்கும்.

ஒன்று கேட்கிறேன். அம்மாவின் சாப்பாட்டை அவர் எப்போது விட்டார்? அதற்கு முதல் வீட்டில் ஏதாவது நடந்ததா?

கோப்பாய்ப் பிள்ளை:
நடந்தது அக்கா. ஒரு காலம் குளிசையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்துத் துப்பிவிடுவான். அம்மா பயத்தில் அதைப் பொடியாக்கிப் பிளேன்ரீக்குள் கலந்து கொடுக்கத் தொடங்கினா. சீனியும் கூடப் போடுவா, கசப்புத் தெரியாமல் இருக்க. ஒருநாள் கோப்பையின் அடியில் வெள்ளைத் தூள் படிந்திருந்ததை அவன் கண்டுவிட்டான். அதற்குப் பிறகுதான் இதெல்லாம். இப்போது கோதோடு அவித்த முட்டை, வாழைப்பழம், உடைக்காத பிஸ்கற் பக்கற், தானே கிணற்றில் அள்ளிய தண்ணீர். இவ்வளவுதான். பக்கற் ஒட்டிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உடைப்பான். போன கிழமை அம்மா திரும்பவும் தேத்தண்ணிக் கோப்பையோடு அறைவாசலில் நின்றிருக்கிறா. அப்போதுதான் தள்ளினவன்.

வடமராட்சி அக்கா:
உங்கள் அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளை சுகப்படவேண்டும் என்று எத்தனையோ தாய்மார் இதைச் செய்கிறார்கள். ஆனால் தம்பியின் பக்கம் இருந்து பாருங்கள். தனக்குத் தெரியாமல் தேத்தண்ணிக்குள் எதையோ கலக்கிறார்கள் என்று நினைத்தார், கலந்துதான் இருந்தது. இந்த நம்பிக்கையில் அந்த அளவு உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாமல் யார் எதைக் கதைத்தாலும் அவர் காதில் ஏறாது.

நல்ல சிகிச்சையாளர் அங்கிருந்துதான் தொடங்குவார். அம்மா நேரே சொல்லவேண்டும்: "தம்பி, குளிசையைத் தேத்தண்ணிக்குள்ளை போட்டது நான்தான். உனக்குச் சுகம் வரவேணும் எண்டுதான் போட்டனான். இனிப் போடமாட்டன்." சொன்னால் பிறகு ஒருநாளும் போடக்கூடாது. அதற்கு முதல் கிளினிக் டொக்டரிடம் கதையுங்கள். இரவுக் குளிசை உண்மையில் அவர் வயிற்றுக்குள் போகிறதா என்பதே உங்களுக்கு நிச்சயமில்லை, ஊசியின் அளவையோ மருந்தையோ மாற்றவேண்டி வரலாம்.

பிறகு சாப்பாடு. ஏமாற்றிச் சாப்பிட வைப்பதோ கெஞ்சுவதோ வேண்டாம், சோதித்துப் பார்ப்பதுதான் வழி. எது ஆகப் பயம், எது கொஞ்சம் பயம் என்று அவரே 0 முதல் 100 வரை புள்ளி போடுவார். அவர் கண்முன் அவித்த பிட்டுக்கு 40, குசினியில் இருந்து மூடிக்கொண்டு வரும் சோறு கறிக்கு 95 என்று வைத்துக்கொள்ளுங்கள். 40இல் இருந்து தொடங்குவார்கள். அவரே மாவைக் குழைத்து, அவரே நீத்துப்பெட்டியில் அவித்து, இரண்டு கோப்பையில் போட்டு, எது தனக்கு எது அம்மாவுக்கு என்று அவரே எடுக்கட்டும். இருவரும் சாப்பிடட்டும். சாப்பிட முதல் "என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதிவைத்து, சில மணித்தியாலம் கழித்து என்ன நடந்தது என்று பார்ப்பது. பக்கற் ஒட்டிய இடத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடும்வரை, தான் தப்பியது பார்த்ததால்தான் என்று நினைப்பார். வீட்டுச் சாப்பாடு பாதுகாப்பானது என்று அறியும் சந்தர்ப்பமே அவருக்குக் கிடைக்காது.

வேலியடிச் சண்டையைப் பற்றி அவரிடம் யாராவது ஆறுதலாகக் கேட்டீர்களா? எதைக் கேட்டுவிட்டு ஏசுகிறார்?

கோப்பாய்ப் பிள்ளை:
இன்று பின்னேரம் கிணற்றடியில் வைத்து மெல்லமாகக் கேட்டேன். "அவனை அடி, இல்லாட்டிக் கொம்மா சாவா" என்று ஒரு ஆம்பிளைக் குரல் சொல்லுமாம். "நான் அவரை அடிக்கேல்லை அக்கா, கல்லைப் பக்கத்திலைதான் எறிஞ்சனான்" என்றான். இதை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒருவரும் கேட்டதும் இல்லை.

புள்ளிவிபரம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மருத்துவம் படிக்கிறேன். ஆசை காட்டுவதற்கு முன்னர் ஆதாரத்தையும் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. மனச்சிதைவு நோய்க்கு இந்தச் சிகிச்சை எவ்வளவு பயன் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2014இல் வந்தது. நோய்க்குறிகள் மீதான பயன் சிறியது, 0.33 அளவு (0.2 என்றால் சிறிது, 0.5 என்றால் நடுத்தரம் என்று கொள்ளும் அளவுகோல் இது). யார் எந்தச் சிகிச்சை பெற்றார் என்று தெரியாதவர்களே மதிப்பிட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அதுவும் குறைந்தது. போதைப் பாவனையும் சேர்ந்திருந்த 327 பேரோடு பிரித்தானியாவில் செய்த ஆய்வு 2010இல் வந்தது. பாவித்த அளவு குறைந்தது, ஆனால் வைத்தியசாலை அனுமதி குறையவில்லை. இருந்தும் பிரித்தானிய மருத்துவ வழிகாட்டி (NICE) இந்த நோயுள்ள எல்லோருக்கும் குறைந்தது 16 அமர்வு கொடுக்கச் சொல்கிறது. அங்கேயே பலருக்கு அது கிடைப்பதில்லை. இங்கே?

வடமராட்சி அக்கா:
நீங்கள் சொன்ன கணக்கு சரி தம்பி. ஆனால் அது குரல் எவ்வளவு கேட்கிறது, சந்தேகம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்த கணக்கு. இந்த இழை நடத்தையைப் பற்றியது. அதைத் தனியாக அளந்த ஆய்வுகள் இருக்கின்றன, அவற்றையும் எடுத்துப் பாருங்கள்.

அடி, தள்ளு என்று வன்முறை வரலாறு உள்ள 77 பேரோடு இங்கிலாந்தில் செய்த ஆய்வு 2009இல் வந்தது. ஒரு பகுதியினருக்கு இந்தச் சிகிச்சை, மற்றவர்களுக்குச் சேர்ந்து பொழுதுபோக்கும் சமூகச் செயற்பாடு. இரு பக்கமும் 25 அமர்வுகள், ஆகவே ஒருவர் வந்து அன்பாகக் கதைத்ததால் வந்த மாற்றம் என்று தள்ளிவிட முடியாது. சிகிச்சை பெற்றவர்களிடம் வன்முறை கூடுதலாகக் குறைந்தது.

தங்கச்சியின் கதைக்கு இன்னும் கிட்ட இருப்பது பிரித்தானிய உளவியலாளர் மக்ஸ் பேர்ச்வுட் குழுவினர் 2014இல் வெளியிட்டது. கட்டளை போடும் குரல் கேட்கும் 197 பேர். குரலை நிறுத்த அவர்கள் முயலவேயில்லை. குரலுக்கு இருப்பதாக நோயாளி நம்பும் பலத்தைத்தான் தொட்டார்கள். அது சொன்னால் நடக்குமா, கீழ்ப்படியாவிட்டால் தண்டிக்குமா, அதற்கு எல்லாம் தெரியுமா என்று. 18 மாதம் கழித்துப் பார்த்தபோது வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 46 வீதம் பேர் குரல் சொன்னதை முழுதாகச் செய்திருந்தார்கள். இந்தச் சிகிச்சையும் பெற்றவர்களில் 28 வீதம். குரல் எத்தனை தரம் கேட்கிறது என்பதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்த 18 வீத இடைவெளிக்குள் எத்தனை வீட்டில் ஒரு தாயின் கை வீங்காமல் போயிருக்கும் என்று நான் யோசிப்பேன்.

கோப்பாய்ப் பிள்ளை, தம்பி கல்லைப் பக்கத்தில் எறிந்தது சும்மா இல்லை. குரலைச் சமாதானப்படுத்த அரைவாசி கீழ்ப்படிந்திருக்கிறார், அயலவரையும் காயப்படுத்தவில்லை. இரண்டு பக்கத்தையும் காப்பாற்ற அவர் படும் பாடு அது. சிகிச்சையில் இதைத்தான் கையில் எடுப்பார்கள்: நீங்கள் அடிக்கவில்லை, அம்மா சாகவும் இல்லை, அப்போ குரல் சொன்னது நடந்ததா?

கிளினிக் கொப்பி:
நான் இந்த நோய் உள்ளவன். வேலைக்குப் போகிறேன், ஊசியும் போடுகிறேன். குரல் எனக்கு முழுதாக நிற்கவில்லை.

முன்னர் குரல் சொன்னால் உடனே செய்யவேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு உதவிய உளவளத்துணையாளர் ஒரு பழக்கம் சொல்லித் தந்தார். மாட்டேன் என்று குரலோடு சண்டை பிடிக்காமல் தவணை சொல்வது. "இப்ப வேலையா நிக்கிறன், பின்னேரம் பாப்பம்." முதலில் ஐந்து நிமிடம்கூடத் தாங்கமுடியாது. பிறகு அரை மணித்தியாலம், பிறகு பின்னேரம்வரை. பின்னேரம் வந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்பதைக் கொப்பியில் நானே எழுதினேன். குரல் உரக்க வரும்போது தேவாரத்தை வாய்க்குள் முணுமுணுப்பேன், அல்லது கண்ணில் படும் சாமான்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு போவேன். வாய் வேலை செய்யும்போது எனக்குக் குரல் மங்கும். எல்லோருக்கும் அப்படி என்று சொல்லமாட்டேன்.

வீட்டாருக்கு ஒன்று. "இப்ப கேக்குதோ, இப்ப கேக்குதோ" என்று நாளுக்குப் பத்துத் தரம் கேட்காதீர்கள். தம்பி கிணற்றடியில் தானாகச் சொன்னார் பாருங்கள், அப்படி ஒரு நேரத்தை விட்டுவையுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இங்கிலாந்தில் ஒருவர் "என்னை யாரோ கண்காணிக்கிறார்கள்" என்றால் ஆதாரம் எங்கே என்று கேட்கலாம். எங்களுக்கு அப்படியா? போர்க்காலச் சுற்றிவளைப்பில், முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன்னால் வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். 1995 இடப்பெயர்வில் ஒரே இரவில் யாழ்ப்பாணத்து வலிகாமம் வெறுமையானது. வாசலில் மோட்டார்சைக்கிள் நின்றால் பயப்படுவது இங்கே நோய் இல்லை, அனுபவம். அந்த வீட்டுப் பிள்ளையிடம் "உன் பயத்துக்கு ஆதாரம் இல்லை" என்று எப்படிச் சொல்வது?

வடமராட்சி அக்கா:
சொல்லவே கூடாது ஐயா. நீங்கள் கேட்டதைப் பயிற்சி வகுப்புகளில் முதல் நாளே கேட்கவேண்டும்.

மனச்சிதைவுக்கு இந்தச் சிகிச்சையின் தொடக்கமே இப்படி ஒரு ஆளிடம்தான். இந்தச் சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக். அவர் 1952இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார், அந்த ஆள் ஒரு முன்னாள் படைவீரர். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் ஆட்கள் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று அந்த ஆள் நம்பினார். இல்லை என்று பெக் மறுக்கவில்லை. யார் யார் அந்த ஆட்கள், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கவனித்துப் பார்க்க வைத்தார்.

எங்கள் ஊரில் முதலில் வரவேண்டிய வார்த்தை "அந்தக் காலத்தில் அந்தப் பயம்தான் உங்களைக் காப்பாற்றியது" என்பது. அதை மனதாரச் சொல்லவேண்டும், உண்மையும் அதுதான். பிறகு அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று அவரோடு சேர்ந்து பிரித்துப் பார்ப்பது. வாசலில் நின்ற மோட்டார்சைக்கிள் யாருடையது என்று வேலியால் எட்டிப் பார்க்கலாம். மீன்காரராகவும் இருக்கும், கடன் அறவிட வந்த நுண்கடன் கம்பனிப் பெடியனாகவும் இருக்கும். சிலவேளை எதுவென்று தெரியாமலே போகும். தெரியாது என்பதோடு இருக்கப் பழகுவதும் சிகிச்சையில் ஒரு பகுதி. ஆனால் வெளிநாட்டில் எழுதிய கேள்விப் படிவத்தை அப்படியே கொண்டுவந்து இந்த மண்ணில் நிரப்பச் சொல்வதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

இரவு டியூட்டி:
நேர்ஸாக இருக்கிறேன். ஒரு விடயம் யாரும் சொல்லவில்லை. தம்பி அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறாரா, உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கிறதா, ஊசி போட்ட அடுத்தடுத்த நாட்களில் கூடுகிறதா என்று கவனியுங்கள். சில மருந்து உடம்பை ஒரு இடத்தில் இருக்கவிடாது. அந்த அந்தரத்தில் தொட்டாலே எரிந்து விழுவார்கள். அது மருந்தின் பக்கவிளைவு, பேச்சால் தீராது, டொக்டர்தான் மாற்றவேண்டும். அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாலும் சொல்லுங்கள், இரத்தத்தில் உப்புக் குறைந்து வலிப்பு வரலாம். கஞ்சா, சாராயம் ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள்.

தாவடி ஐயா:
நுண்கடன் பெடியன் என்று எழுதியது சரி. எங்கள் ஒழுங்கையிலும் அதே கதைதான்.

நான் சந்நிதி என்று சொன்னதை யாரும் பிழையாக எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வடமராட்சி அக்கா:
இல்லை ஐயா. பசித்த நேரம் பலரோடு இருந்து சாப்பிடும் பந்தி இந்தத் தம்பிக்கு நல்ல சோதனைக்களமே. ஒரே சட்டிச் சோற்றை எல்லோரும் சாப்பிடுவதைக் கண்ணால் காண்பார். மருந்தை நிறுத்தச் சொல்பவர்களிடமும், பேய் பிடித்தது என்று அடிப்பவர்களிடமும் மட்டும் போகவேண்டாம்.

புள்ளிவிபரம்:
அக்கா, 2009 ஆய்வை எடுத்து வாசித்தேன். 77 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஆனால் ஒப்பீடு நேர்மையாகச் செய்யப்பட்டிருக்கிறது. நடத்தையைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்பதை ஏற்கிறேன். என் மற்றக் கேள்வி அப்படியே நிற்கிறது. 25 அமர்வு இங்கே யார் கொடுப்பது? கிளினிக் நாளில் ஒரு டொக்டர் ஒரு ஆளுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கமுடியும்?

வடமராட்சி அக்கா:
அந்த இடைவெளி உண்மை. எனக்கும் அதில் கோபம் இருக்கிறது. அதற்காக ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிடவும் முடியாது. பாகிஸ்தானில் ஃபாரூக் நயீம் குழுவினர் இதே சிகிச்சையைத் தங்கள் சமூகத்துக்கு ஏற்ப மாற்றி 6 அமர்வாகச் சுருக்கினார்கள், குடும்பத்துக்குத் தனியாக ஒன்று. பராமரிக்கும் ஆள் ஆரம்பத்தில் இருந்தே கூட இருப்பார். 2015இல் வந்த முடிவில் பயன் தெரிந்தது. இந்தியாவில் தமிழ்நாடு உட்பட மூன்று இடங்களில் 282 பேரோடு செய்த ஆய்வில் பயிற்சி பெற்ற சாதாரண சமூகப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். அது முழுமையான அறிகை நடத்தைச் சிகிச்சை இல்லை, பயனும் நடுத்தரம்தான். ஆனால் ஊர்ப் பிள்ளைகளைப் பழக்கி எடுக்கலாம் என்று காட்டியது. இங்கேயும் பழகிய பணியாளர்கள் இருக்கிறார்கள், நிரந்தரமான வேலையும் மேற்பார்வையும்தான் இல்லை.

கோப்பாய்ப் பிள்ளை:
எங்கே போய் எப்படிக் கேட்பது? கிளினிக்கில் "எப்படி இருக்கிறார்?" என்பார்கள், "இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். இன்னொன்று, அவன் திரும்பவும் கை ஓங்கினால் அந்த நேரம் என்ன செய்வது?

வடமராட்சி அக்கா:
இரண்டாவதை முதலில் சொல்கிறேன். கை ஓங்கும் நேரம் சிகிச்சை செய்யும் நேரம் இல்லை. வாசலை மறிக்காமல் விலகி நில்லுங்கள், குரலை உயர்த்தவேண்டாம், பின்னால் இருந்து பிடிக்கவேண்டாம். அம்மா தனியே அவரோடு நிற்கிற நேரத்தைக் குறைத்துவிடுங்கள். மண்வெட்டி, கத்தி, கோடாலி எல்லாம் பூட்டுக்குள். குரல் அயலவரைக் கொல்லச் சொன்னாலோ, அவரையே சாகச் சொன்னாலோ கிளினிக் நாள் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது, உடனே வைத்தியசாலை. 1926 என்ற இலங்கைத் தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். இந்த நோயுள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் அடிப்பதில்லை, அடிபடுவதுதான் கூட. இருந்தாலும் உங்கள் வீட்டில் ஒருமுறை நடந்துவிட்டது, அதனால் சொல்கிறேன்.

கிளினிக்குக்கு ஒரு தாளில் மூன்றே மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள். தேத்தண்ணிக் கதை, குரலின் கட்டளை, அம்மாவின் கை. "இருக்கிறார்" என்று சொல்லாமல் தாளை நீட்டுங்கள். "நடத்தைக்கு உளவியல் சிகிச்சை வேண்டும், யாரிடம் அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் கிளினிக்கில் இருந்தே கடிதம் கேளுங்கள். தம்பிக்குத் தெரியாமல் இதைச் செய்யவேண்டாம், தேத்தண்ணியோடு அந்தப் பாடம் போதும். தாளை அவருக்கு முதலில் வாசித்துக் காட்டுங்கள். ஏதாவது ஒரு வரியை அவர் மாற்றச் சொன்னால் மாற்றுங்கள்.

கிளினிக் கொப்பி:
நான்காவது வரியும் ஒன்று போடுங்கள். தம்பிக்கு என்ன வேண்டும் என்று. குரல் போகவேண்டும் என்றுதான் சொல்வார் என்று நினைக்காதீர்கள். என்னிடம் முதல்முறை கேட்டபோது சைக்கிளில் தனியாகக் கடற்கரைக்குப் போய்வரவேண்டும் என்றேன். என் சிகிச்சை அதில் இருந்துதான் தொடங்கியது.

கோப்பாய்ப் பிள்ளை:
கேட்டேன். கோழி வளர்க்க வேண்டுமாம், முட்டை தன் கையாலேயே எடுக்கலாம் என்கிறான். அம்மா அயலில் இரண்டு பேடு விசாரிக்கிறா. தாளை இரவு வாசித்துக் காட்டினேன். "தள்ளி விழுத்தினான்" என்று இருந்ததை "பயத்தில் தள்ளினான்" என்று மாற்றச் சொன்னான். மாற்றிவிட்டேன். கிளினிக் வருகிற செவ்வாய்.